ஜமீலாவின் இருபத்துநான்கு பெட்டிகள்

ஆவடி,
4-11-1993

அன்புள்ள சகோதரி ஜமீலாவுக்கு,

வீரராகவன் எழுதிக்கொள்வது. எதையாவது விட்டுவிடுவேன் என்ற பயத்தில், சொல்ல வந்ததை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. பெட்டிகளின் அழகு.
2. மூடிகளின் குறை.
3. அம்பத்தூர் கைவினைக் கண்காட்சியில் நீங்கள் கடை போடுவது.

ஒன்று. நான் வெட்டி ஒட்டி அனுப்பியவை வெறும் அட்டைப் பெட்டிகள். பழுப்பு நிறம், உள்ளங்கை அகலம். நேற்று என் மகன் உங்களிடமிருந்து வாங்கி வந்தவை அவைதான் என்று நம்பவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஒரு மூடியின் கருநீல வெல்வெட்டில், உடைந்த வளையல் துண்டுகளால் ஒரு மீன்கொத்தி! கண்ணுக்கு ஒற்றைச் சம்கி. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது என்னையே பார்க்கிறது. மருமகள் புஷ்பா, "மாமா, அதக் கீழ வைங்க, சோறு ஆறுது" என்று மூன்று முறை சொல்லிவிட்டாள். உங்கள் வீட்டுக்காரர் பாஷா உயிரோடு இருந்த காலத்தில் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருபது வருஷம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். உங்கள் கையில் இது இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே.

இரண்டு. இருபத்துநான்கில் பதினேழு மூடிகள் மூடவில்லை. முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெல்வெட் தடித்துவிட்டது. மெல்லிய வண்ணத்தாள் போதும்.

மூன்று. ஆகவே இந்த வருஷம் கடை வேண்டாம். கூட்டம் நெருக்கும். முன்பின் தெரியாதவர்கள் எதையாவது கேட்பார்கள். கூச்சப்பட்டு எழுந்து வந்துவிடுவீர்கள்.

பெட்டிகளை மகனிடமே திருப்பி அனுப்புகிறேன். அதிகம் பேசியிருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
வீரராகவன்


பூந்தமல்லி,
9-11-1993

அண்ணனுக்கு ஜமீலாவின் சலாம்.

புஷ்பாவும் பிள்ளைகளும் சுகமா? மீன்கொத்தியைப் பற்றி நீங்கள் எழுதியதைத் தம்பி மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "ஒட்டிகினே கீறியே, எவன் வாங்குவான்?" என்று தினமும் கேட்பவள், அன்று தானாகவே டீ போட்டுக் கொடுத்தாள். அதற்கே உங்களுக்கு நன்றி.

மூடிக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக் குப்பம்மாவிடம் ஒரு பெட்டியைக் கொடுத்துப் பார்த்தேன். "இன்னாக்கா இது, அமுக்கி மூடினா தொறக்க மாட்டேங்குது! இதுக்குப் பூட்டே வாணாம்" என்றாள். சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அண்ணே, கோபிக்காமல் சொல்லுங்கள்: நீங்கள் மூடிக்கு அளவெடுத்தபோது பெட்டியின் மேல் துணி இருந்ததா? வெறும் அட்டைக்கு அளந்துவிட்டு வெல்வெட்டைத் திட்டினால் அது என்ன செய்யும், பாவம்? வண்ணத்தாள் ஒட்டினால் அது மாத்திரை டப்பா. வெல்வெட்டை விடமாட்டேன்.

கடைக்குப் படிவம் கொடுத்துவிட்டேன். நிக்காஹ், அவருடைய பென்ஷன் இரண்டுக்கும் பிறகு நான் கையெழுத்துப் போட்ட மூன்றாவது தாள் இது. இதில் மட்டும்தான் வேறு யார் பெயரும் இல்லை. பலகையில் 'ஜமீலா பேகம், பூந்தமல்லி' என்று எழுதி மாட்டுவார்களாம். அதை ஒரு நாளாவது பார்க்க வேண்டும்.

ஆனாலும் பெட்டி நீங்கள் செய்தது. வேண்டாம் என்று இன்னொரு முறை எழுதினால் நிறுத்திவிடுகிறேன். எழுதாவிட்டால், 28-ஆம் தேதி ஞாயிறு அம்பத்தூரில் உங்களை எதிர்பார்ப்பேன்.

அன்புத் தங்கை,
ஜமீலா


ஆவடி,
29-11-1993

அன்புத் தங்கை ஜமீலாவுக்கு,

இந்த முறை எண் போடவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: துணி இல்லை. வெறும் அட்டைக்குத்தான் அளந்தேன். மற்றவர்கள் செய்ததை அளந்து அளந்து திருப்பி அனுப்பிய எனக்கு, துணிக்கு ஒரு நூல் இடம் விடத் தோன்றவில்லை. அதை எழுத வெட்கப்பட்டுத்தான் பதில் போடாமல் இருந்தேன். அதை நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது எவ்வளவு நல்லதாயிற்று!

நேற்று நான் வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். வந்தேன். காலை பத்து மணிக்கே வந்து, எதிரே டீக்கடையில் நின்றுவிட்டேன். என் மூடிகளை நாலு பேர் குறை சொல்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தைரியம் வரவில்லை. உங்கள் கடை முதல் வரிசை. பேச்செல்லாம் காதில் விழுந்தது.

மூடிகளைப் பின்பக்கம் ரிப்பனால் தைத்து, முகம் பார்க்கும் கண்ணாடி போல நிமிர்த்தி வைத்திருந்தீர்கள். மீன்கொத்தி வெயிலில் மின்னியது. ஒரு அம்மாள், "இன்னாமா, இது மூடவே மூடாதா?" என்று கேட்டாள். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். நீங்கள் அசரவில்லை. "மூடி வெக்கத்தான் ஊட்ல பீரோ கீதே! இது பாக்குறதுக்கும்மா" என்றீர்கள். அவள் சிரித்துக்கொண்டே இரண்டை எடுத்தாள். மத்தியானத்துக்குள் மேசை காலி. என்ன ஒரு சாமர்த்தியம்!

பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டிருந்தீர்கள். யாரோ உட்காரப் போனபோது, "அது எங்க அண்ணனுக்கு" என்று இழுத்துக்கொண்டீர்கள். அப்போதாவது சாலையைக் கடந்து வந்திருக்க வேண்டும். "இன்னா பெரியவரே, நாலாவது டீயும் போட்டுடவா?" என்று கடைக்காரர் கேட்டார். காசை வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

பொங்கலுக்கு மாங்காட்டில் ஒரு கண்காட்சி போடுகிறார்களாம். உங்கள் பெயருக்குப் படிவம் வாங்கி இதனுடன் வைத்திருக்கிறேன். அட்டை வெட்டுவதற்கு முன் ஒரு முழம் வெல்வெட் அனுப்புங்கள். அதை ஒட்டிப் பார்த்தே அளக்கிறேன். நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.

என் முதல் கடிதத்தில் இரண்டாவது குறிப்பை நீங்களே திருத்திவிட்டீர்கள். மூன்றாவதை நான்தான் திருத்த வேண்டும். கூட்டத்தைக் கண்டு கூச்சப்படுபவர் நீங்கள் என்று எழுதியிருந்தேன். அது தவறு.

உங்கள் அண்ணன்,
வீரராகவன்