நாளைக் காலையில் ஆட்டை எங்கே ஓட்டுவது?

அக்கா,

இன்று மதியம் வாசலில் கோணியை விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தேன். ஓடு நீக்கிக் காயவைத்த பழத்தைக் கட்டையால் தட்டித் தட்டிக் கொட்டை எடுக்கும்போது, அந்தப் புளிப்பு வாசனை மூக்கில் ஏறி நாவில் எச்சில் ஊறியது. உள்ளே டிவியில் செய்தி ஓடியது. எங்கோ இரண்டு நாடுகள், நிலத்துக்காகச் சண்டை போட்டவை, போரை நிறுத்துவதாகக் கையெழுத்துப் போட்டன. ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடி குண்டு விழுகிறது. ஒப்பந்தத்தை மீறியது நீதான் என்று இரண்டு பக்கமும் சொல்கிறார்கள்.

"ரெண்டு பேருமே எப்படிம்மா கரெக்டா இருக்க முடியும்?" என்று என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கேட்டார்.

நீங்கள் இருந்திருந்தால், "எந்த வார்த்தைல தகராறுன்னு கேளு" என்றிருப்பீர்கள். கட்டையைக் கீழே வைத்துவிட்டேன்.

நம் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்னப் பாறைக் கரடும், அதன் அடியில் உள்ள மேய்ச்சல் நிலமும், ஓரத்துப் புளியமரங்களும் வெளியூர்க்காரர்கள் கண்ணுக்குப் பெரிய சொத்தாகத் தெரியாது. எங்கள் ஊரில் கேட்டால் அது தாத்தா காலத்திலிருந்து எங்களுடையது. வீட்டில் கன்னடம் பேசும் உங்கள் ஊரில் கேட்டால் அதே தாத்தா காலத்திலிருந்து உங்களுடையது. அரசாங்கக் கணக்கிலோ புறம்போக்கு. மழை பொய்த்து, ஆட்டுக்கு வேறு எங்குமே புல் இல்லாமல் போன அந்த வருடம், எங்கள் ஊர் ஆண்கள் அதைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். நீங்கள் வெகுகாலமாகப் போட்டிருந்த ஆட்டுப்பட்டியும் வேலிக்குள் மாட்டிக்கொண்டது. அடிதடியானது. இரண்டு ஊர் ஆண்கள் மேலும் கேஸ் விழுந்தது. போலீஸுக்குப் பயந்து அவர்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிப் போய்விட்டார்கள். தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம் என்று ஆள் வந்து சொன்னபோது, ஊரில் மிஞ்சியது நாம்தான். பால் சொசைட்டியில் பால் அளந்துகொண்டிருந்த நான் எங்கள் ஊருக்காக வந்தேன். மகளிர் குழுவை நடத்திவந்த நீங்கள் உங்கள் ஊருக்காக வந்தீர்கள்.

முதல் கூட்டத்தில் நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எழுதி வைத்திருந்ததை ஒருவர் வாசித்தார். "மேற்படி மேய்ச்சல் புறம்போக்கில் ஒரு தரப்பாரின் அனுபோகத்தில் மறு தரப்பார் குறுக்கீடு செய்யாவண்ணம், மறு உத்தரவு வரும்வரை நாளது தேதியில் உள்ள நிலையே நீடிக்கக் கடவது." கேட்பதற்குக் கம்பீரமாக இருந்தது. எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருந்ததாகப் பிறகு சொன்னீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு எதிரெதிர்ப் பக்கத்து பஸ்ஸில் ஏறினோம்.

சமாதானம் ஆகிவிட்டது என்று நம்பி ஆண்கள் ஊர் திரும்பினார்கள். இன்றுள்ள நிலை நீடிக்கும் என்றால் எங்கள் வேலி நிற்கும் என்று எங்கள் ஊரில் அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். இன்றுள்ள நிலை நீடிக்கும் என்றால் ஆடு எப்போதும்போல மேயும் என்று உங்கள் ஊரில் அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். இரண்டு பேர் கையிலும் ஒரே காகிதத்தின் ஜெராக்ஸ் இருந்தது. அதைக் காட்டிக் காட்டியே அடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டையில்தான் உங்கள் மகனின் வலது கை உடைந்தது. டெம்போ ஓட்டிப் பிழைத்த கை.

அடித்த கூட்டத்தில் என் வீட்டுக்காரரும் இருந்தார். உங்களுக்கு அது தெரியும். யார் கட்டை பட்டது என்று நீங்கள் என்னைக் கேட்டதே இல்லை. ரொம்ப நாள் கழித்து நானாக அந்தப் பேச்சை எடுத்தபோது, "பேடா கண்ணு, வேண்டாம்" என்று கையமர்த்தினீர்கள். "நான் கேட்டா ஒண்ணு நீ பொய் சொல்லணும், இல்லன்னா நான் எந்திரிச்சுப் போவணும். ரெண்டுமே நமக்கு ஆவாது."

இரண்டாவது கூட்டத்துக்கு நீங்கள் வரமாட்டீர்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மகனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நேரே வந்திருந்தீர்கள். புடவையில் மருந்து வாடை அடித்தது. இந்தத் தடவை எழுதியிருந்தது இன்னும் நீளமாக இருந்தது. தாசில்தார் வாசித்து முடித்ததும் நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. நாளைக்குக் காலைல என் ஆட்ட நான் எங்க ஓட்டறதுன்னு இதுல எங்க இருக்குதுங்க?"

தாசில்தார் மறுபடி தலைகுனிந்து படித்தார். நல்ல மனிதர். கோபித்துக்கொள்ளவில்லை. "இல்லம்மா. அது இதுல இல்லதான்" என்றார். பிறகு நம் இரண்டு பேரையும் பார்த்து, "கோர்ட்டுக்குத் தேவையானத நான் எழுதிக்கறேன். ஊருக்குத் தேவையானத நீங்க ரெண்டு பேரும் எழுதிட்டு வாங்க. சேர்த்து வெச்சுக் கையெழுத்து வாங்கிக்கறேன்" என்றார்.

அப்படித்தான் அந்த ஆபீஸ் வளாகத்துப் புங்கமரத்தடி பெஞ்சில் நாம் உட்கார்ந்தோம். நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தோம்.

என்ன சண்டை போட்டோம் அக்கா! நான் முதலில் எழுதிய வார்த்தை 'எல்லை'. அதை அடிக்கச் சொன்னீர்கள். எல்லை இல்லாமல் எப்படி எழுதுவது என்று எரிந்து விழுந்தேன்.

"எல்லைன்னு எழுதினா நாளைக்கே ஒருத்தன் கல்லு நடுவான். இன்னொருத்தன் அதப் புடுங்குவான். இந்தப் பாறைலேருந்து அந்த ஒத்தப் பனை வரைக்கும் ரெண்டு ஊரு ஆடும் மேயும்னு எழுது. பாறையும் பனையும் எல்லாரு கண்ணுக்கும் தெரியுதில்ல?"

எழுதினேன். புளிக்கு, ஒரு வருடம் நாங்கள், ஒரு வருடம் நீங்கள் என்று எழுதலாம் என்றேன். சிரித்துவிட்டீர்கள். உங்கள் சிரிப்பை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். "ஒரு வருசம் நல்லாக் காய்ச்ச மரம் மறு வருசம் காய்க்காது. காய்க்கிற வருசம் யாருக்குன்னு அடுத்த சண்டைக்கு நாமளே தேதி குறிக்கறமா?" கடைசியில், உலுக்கும் நாளில் இரண்டு ஊரும் வரவேண்டும், ஒரு ஊர் இரண்டு குவியலாகப் பிரிக்கும், மறு ஊர் தனக்குப் பிடித்த குவியலை எடுத்துக்கொள்ளும் என்று எழுதினோம். அதை நான் சொன்னேனா நீங்கள் சொன்னீர்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. 'பிரிக்கலாம்' என்று நான் எழுதியதைத் தாசில்தார் திருத்தினார். "லாம் போட்டா செய்யாமலும் இருக்கலாம். 'பிரிக்க வேண்டும்'னு போடுங்க" என்றார். அந்தத் திருத்தத்தோடு மரத்தடிக்குத் திரும்பி எல்லா வரியையும் மறுபடி பார்த்தோம். வெயில் தாழ்ந்த பிறகு அங்கே யாரும் நிற்கக் கூடாது என்ற வரியை மட்டும் சண்டையில்லாமல் ஒரே மூச்சில் எழுதினோம். இருட்டில் கூடுகிற ஆண்களைப் பற்றி நமக்குள் வேறு கருத்து இல்லை.

வேலியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். 'முள்வேலியை அகற்ற வேண்டும்' என்று எழுதியே ஆக வேண்டும் என்று எனக்குத் தெரியும். பேனா நகரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இந்தப் பேப்பர எடுத்துட்டு வூட்டுக்குப் போயி என்ன சொல்லுவ?"

"தெரியலைங்க. ஊர வித்துட்டு வந்துட்டேன்னு சொல்லுவாங்க."

எழுந்துபோய்க் குழாயில் தண்ணீர் குடித்தீர்கள். முகம் கழுவினீர்கள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது கொஞ்சம் கிட்டே உட்கார்ந்தீர்கள். "இப்படி எழுது" என்றீர்கள். "ரெண்டு ஊரும் அங்க போட்டிருக்கறத ரெண்டு ஊரும் எடுத்துடணும்."

நான் எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்தேன். அங்கே உங்கள் ஊர் போட்டிருந்தது உங்கள் பட்டி ஒன்றுதான். உங்கள் மாமனார் காலத்துப் பட்டி. அதை நீங்கள் எடுக்கவேண்டும் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கவே இல்லை. நான் ஊருக்குப் போய்த் தலைநிமிர்ந்து சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும் என்பதற்காக அதைக் கொடுத்தீர்கள்.

எங்கள் ஊரில், 'அவங்க பட்டியும் போகுது' என்றதும் வேலி நாலு நாளில் போய்விட்டது. உங்கள் ஊரில் உங்களுக்கு என்ன நடந்தது என்பது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியவந்தது. கொழுந்தனார் வீட்டில் பேச்சை நிறுத்தியது, குழுத் தலைமையிலிருந்து உங்களை இறக்கியது எல்லாமே அடுத்தவர் வாயால் கேட்டவை. நீங்கள் சொன்னதில்லை. அந்த வாக்கியத்தைக் கன்னடத்தில் அவர்களுக்கு எப்படிப் படித்துக் காட்டினீர்கள் என்று கேட்டதற்கு மட்டும், "ஒரு எழுத்துக் கூட்டாம கொறைக்காம" என்றீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனை பேச்சு பேசினோம் அக்கா! புளி உலுக்கும் நாளில் மரத்தடியில், காரிமங்கலம் சந்தைக்கு நீங்கள் ஆடு கொண்டுவரும்போது, தருமபுரி பஸ்ஸில் சீட்டுக் கிடைத்தால். ஆனால் நீங்கள் என் வீட்டு வாசல்படி மிதித்ததில்லை. நானும் உங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. ஒருமுறை நான் கூப்பிட்டதற்கு நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள். "உன் வூட்ல நான் ஒரு காப்பி குடிச்சாப் போதும், ரெண்டு பேரும் கூட்டு சேந்து எழுதிட்டாங்கன்னு பேசுவாங்க. எழுதினது நிக்கட்டும். நாம வெளியவே நிப்போம்." எனக்கு வருத்தம்தான். ஆனாலும் சரியென்று பட்டது.

தருமபுரி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் கட்டிலில் உங்களைப் பார்த்தபோது, அங்கே வந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்று நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள். கால் வீங்கியிருந்தது. புல் எப்படியிருக்கிறது என்று கேட்டீர்கள். நன்றாக இருக்கிறது என்றேன். நிஜமாகவே அந்த வருடம் நன்றாக இருந்தது.

நீங்கள் போன அன்று, எங்கள் ஊர்ப் பெண்கள் நாங்கள் மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே நடந்து உங்கள் வீட்டுக்கு வந்தோம். என் வீட்டுக்காரரும் பின்னால் வந்தார். வாசலில் நின்ற உங்கள் மகனின் எதிரில் போய் நின்றார். உங்கள் மகன்தான், கொஞ்சம் கோணலாகக் கூடிவிட்ட அந்தக் கையை நீட்டி, "உள்ள வாங்கண்ணா" என்றான். உங்கள் வீட்டைப் பார்க்க எனக்கு உங்கள் சாவு தேவைப்பட்டது. அடுப்படிச் சன்னல் வழியாகக் கரடு தெரிகிறது. அதைக்கூட நீங்கள் என்னிடம் சொன்னதில்லை.

போன வாரம் உங்கள் மருமகள் வந்தாள். இப்போது உங்கள் ஊர் சார்பாக அவள்தான் வருகிறாள். முன்னறிவிப்பு இல்லாமல் நேரே என் வீட்டுக்கே வந்துவிட்டாள். காப்பி கொடுத்தேன், குடித்தாள். அவளுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. பையிலிருந்து நாம் எழுதியதன் நகலை எடுத்தாள்.

"இந்த ஒரு வரி மட்டும் எனக்குப் புரியலைங்க சித்தி."

எந்த வரி என்று பார்த்தேன். வெயில் தாழ்ந்த பிறகு அங்கே யாரும் நிற்கக் கூடாது. நாம் சண்டையே போடாமல் எழுதிய வரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இதைவிடத் தெளிவாக யார் எழுத முடியும் என்று வாய்வரை வந்துவிட்டது.

அவள் நிதானமாகச் சொன்னாள். "எங்க பொண்ணுங்க இப்ப ஓசூர் கம்பெனிக்குப் போறாங்க. பஸ் அவங்கள ரோட்டுல எறக்கிவிடறப்பவே இருட்டிடுது. அந்த வழியாத்தான் வூட்டுக்கு வரணும். ஒருத்திக்காக ஒருத்தி அங்கதான் நின்னு, சேந்து வருவாங்க. உங்க ஊரு ஆளுங்க ரெண்டு பேரு இந்தப் பேப்பரக் காட்டி, இங்க நிக்கக் கூடாதுன்னு வெரட்டறாங்க. யாரும்னா அதுல அவங்களும் சேத்தியா?"

ஆண்களை நினைத்து எழுதினோம் அக்கா. 'யாரும்' என்று எழுதிவிட்டோம். அந்தப் பெண்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அவர்கள் நம் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

உங்களோடு சேர்ந்து எழுதியதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே இருக்கட்டும், நான் எங்கள் ஆட்களிடம் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் நீங்களாக இருந்தால் அந்த வரியை எப்போதோ அடித்திருப்பீர்கள். உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தக் காகிதம் இல்லை என்பது அப்போது விளங்கியது. எதிரில் உட்கார்ந்திருப்பவள் புரியவில்லை என்று சொன்னால், தப்பு முதலில் எழுதியவள் பக்கம் இருக்குமோ என்று பார்க்கிற அந்தக் குணம்தான் கொஞ்சம் என்னிடம் ஒட்டியிருக்கிறது. அதுவும் கோபம் வந்த பிறகுதான் வருகிறது, உடனே வருவதில்லை.

டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"சரி. எப்படி எழுதினா உங்க பொண்ணுங்களுக்குச் சரியா வரும், நீ சொல்லு" என்றேன்.

யோசிக்காமல் முதல் வார்த்தையையே தப்பாகச் சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் வரை சண்டை போட்டோம் அக்கா.