நூராமல் பார்த்த நெருப்பு

என் அன்புக்குரிய ஐயா,

இங்கே குளிர்காலத்தில் விடிய நேரம் செல்லும். அண்ணை வேலைக்குப் போன பிறகும் யன்னலுக்கு வெளியே இருட்டுத்தான். அந்த இருட்டில் கண் விழித்தால், காது இன்னும் உங்கள் குரலைத்தான் தேடுகிறது.

அம்மாவுக்கு முட்டு வருத்தம் இருந்து புகை ஆகாததால், நம் வீட்டில் காலையில் அடுப்பு மூட்டியவர் நீங்கள். பனையின் பன்னாடையும் காய்ந்த ஊமல் கொட்டையும் அடுக்கி, ஊதி, கண் சிவந்து, குசினி வாசலில் நின்று கூப்பிடுவீர்கள்: "நெருப்புப் பத்தீட்டுது, எழும்புங்கோ பிள்ளையள்!" தேத்தண்ணி தயார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நெருப்புப் பற்றியதே ஒரு செய்தி உங்களுக்கு.

உங்கள் ஆண்டுத்திவசம் வருகிறது. நீங்கள் போன செய்தி வந்த அன்று இந்த வீட்டில் நடந்ததை நான் இன்னும் உங்களுக்குச் சொல்லவில்லை.

நாங்கள் இருப்பது கிரின்ஸ்டெட் பட்டணத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் ஒரு பழைய பண்ணைவீடு. வீட்டின் ஒரு முனையில், தனி அறையில், நிலக்கரி அடுப்பு இருக்கிறது. ஸ்டோக்கர் என்கிறார்கள். தொட்டியில் கரியை நிரப்பிவிட்டால், மின்சாரத்தில் சுழலும் ஒரு திருகு அதை மெல்ல மெல்ல நெருப்புக்குள் தள்ளும். ஒரு விசிறி ஊதும். சுடுதண்ணீர் குழாய்களில் ஓடி அறைகளைச் சூடாக்கும். நினைவிருக்கிறதா? "உங்கள் வேலையை இங்கே ஒரு மோட்டார் செய்கிறது" என்று எழுதியிருந்தேன். "அப்ப எனக்கு அங்கை வேலை இல்லை" என்று நீங்கள் பதில் போட்டீர்கள்.

அன்று காலை அண்ணை வேலைக்குப் போன பிறகு, கொழும்பிலிருந்து சித்தப்பா தொலைபேசியில் பேசினார். "ஐயா போயிட்டார் பிள்ளை. எல்லாம் முடிஞ்சுது. சண்டையிலை பாதையள் பூட்டினபடியால் நேரத்தோடை அறிவிக்கேலாமல் போச்சு."

நான் தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்து, வேலையிலிருந்த அண்ணையிடம் சொன்னேன். அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "ஆர் கொள்ளி வைச்சது?"

"பெரியம்மாவின்ரை மகன்."

"ஓம்," என்றார். தொலைபேசியை வைத்துவிட்டார்.

அவர் உடனே புறப்பட்டிருக்கிறார். ஆனால் அதற்குள் பனி வீதியை மூடிவிட்டது.

அண்ணி கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதா. அழுது முடித்து முகத்தைத் துடைத்தபடி, "எங்களுக்குக் கேள்விப்பட்ட நாள்தான் செத்த நாள். இண்டைக்கு இந்த வீட்டிலை அடுப்பு மூட்டக்கூடாது, மச்சாள்," என்றா. குசினியில் மின்னடுப்பின் இணைப்பைக் கழற்றிவிட்டோம். ஊர் என்றால் அயல்வீடுகளிலிருந்து சாப்பாடு வரும். இங்கே யாருக்குத் தெரியும், செத்த வீட்டில் உலை வைப்பதில்லை என்று?

ஸ்டோக்கரை இருவருமே நினைக்கவில்லை. தானாக எரிகிற ஒன்றை அடுப்பு என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

மத்தியானம் கரண்ட் நின்றது. கரியறையில் எந்நேரமும் கேட்கும் அந்த அரைக்கிற சத்தமும் நின்றது. வீடு அவ்வளவு அமைதியாகி நான் கேட்டதில்லை. தொலைபேசி மட்டும் உயிரோடு இருந்தது. வயலுக்கு அப்பால் இருக்கும், எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் நீல்ஸுக்கு எடுத்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை டேனிஷுக்கு ஏற்றபடி, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: அடுப்பின் கீழ்க்கதவைத் திற, காற்றுப் போகட்டும். மேற்கதவால் கரியைக் கையால் போடு, கொஞ்சம் கொஞ்சமாக. சுடுதண்ணீர் தானாக மேலேற, சிவப்புப் பிடியைத் திருப்பு. விட்டுவிட்டுப் போகாதே. நெருப்பு நூர்ந்து செத்துப்போனால் குழாயெல்லாம் உறைந்து வெடிக்கும், உங்களிடம் பச்சைக்குழந்தை இருக்கிறது.

பிடியைத் திருப்பி, கீழ்க்கதவைத் திறந்து, கரண்டியை எடுத்தேன். வாசலில் அண்ணி குழந்தையோடு நின்றா.

"கையாலை கரி போட்டால் அது அடுப்பு மூட்டுறதுதானே, மச்சாள்? ஐயாவின்ரை நாளிலை..."

அவவைக் கோபிக்க முடியுமா? நீங்கள் நேரில் காணாத, ஒருநாளும் மருமகள் என்று கூப்பிடாத பிள்ளை. உங்களுக்குச் செய்ய அவவிடம் அந்த ஒரு மரியாதைதான் மிச்சம் இருந்தது. எனக்கும் கை ஓடவில்லை. உள்ளே நெருப்பு சிவப்பிலிருந்து மங்கிக்கொண்டு போனது. ஊரில் இருந்திருந்தாலும் நான் வீட்டு வாசல் படலையோடு நின்றிருப்பேன். பெண்பிள்ளைகள் சுடலைக்குப் போவதில்லை. உங்கள் நெருப்பை நான் பார்த்திருக்கவே மாட்டேன், ஐயா. இதைக் கண்ணுக்கு முன்னால் சாகவிட என்னால் முடியவில்லை.

குழந்தையின் பாதங்கள் அதற்குள் சில்லிட்டுவிட்டன. அண்ணி அவற்றை வாயோடு வைத்து ஊதிக்கொண்டு நின்றா.

"நான் மூட்டேல்லை அண்ணி. எரியிறதை நூராமல் பாக்கிறன், அவ்வளவுதான்."

அண்ணி அடுப்பைப் பார்த்தா, பிள்ளையின் காலைப் பார்த்தா. "அப்ப கொஞ்சம் கொஞ்சமாப் போடும். ஐயா அப்பிடித்தான் போடுவாரெண்டு இவர் சொல்லுறவர்."

சொல்லியும் நான் முதல் தடவை கரண்டி நிறையப் போட்டுவிட்டேன். நெருப்பு அமுங்கி, மஞ்சள் புகை முகத்தில் அடித்தது. குனிந்து ஊதினேன். உங்களைப்போலவே கன்னம் உப்பி, தலை சுற்றி, கண்ணீர் வழிய ஊதினேன். ஓரத்தில் ஒரு சின்ன நீலச் சுவாலை எழுந்தது. பிறகு கவிழ்த்த வாளியில் இருந்துகொண்டு, சிறிது சிறிதாகப் போட்டேன். புகை போன பிறகும் கண் நிற்கவில்லை. அண்ணை வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டுப் போன வருசம், காலையில் உங்கள் கண் எப்போதையும்விடச் சிவந்திருக்கும். கேட்டால் ஊமல் ஈரம் என்பீர்கள். புகை மட்டுந்தானா, ஐயா?

பொழுது சாயமுன் நீல்ஸ் உழவு இயந்திரத்தில் வந்தார். காஸ் அடுப்பில் அவித்த முட்டைகளும் கறுப்பு ரொட்டிப் பாணும் கொண்டுவந்தார். கரண்ட் இல்லாத வீட்டில் குழந்தைக்காரி பட்டினி கிடக்கிறாளே என்ற எண்ணம். அண்ணி திகைத்துப்போனா.

"செத்த வீட்டுக்கு முட்டை கொண்டு வாறார் மனுசன்!"

ஆனாலும் பாணை இரண்டு கையாலும் வாங்கினா. "அயல்வீட்டுச் சாப்பாடு வந்திட்டுது, மச்சாள்," என்று சொல்லி உடைந்து அழுதா. முட்டை சரியாக அவியவில்லையோ என்று நீல்ஸ் பதறினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பீர்கள்.

அவர் போன பிறகு அண்ணை வந்தார். பனி வாரும் வண்டியில் பாதி வழி, மிச்சம் நடை. இடுப்புவரை வெள்ளை. அறைக்குள் போகவில்லை, நேரே கரியறைக்கு வந்தார்.

"நூரேல்லையோ?"

"இல்லை, அண்ணை."

என் கையிலிருந்து கரண்டியை வாங்கினார். கையுறையைக் கழற்றினார். கொஞ்சம் கரி அள்ளி, உடனே போடாமல், நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போட்டார். அண்ணி குழந்தையின் தலையைத் தோளோடு அணைத்துக்கொண்டா. கரண்ட் வந்து, திருகு பழையபடி அரைக்கத் தொடங்கிய பிறகும் அண்ணை கரண்டியை விடவில்லை.

உங்கள் பேரன் இப்போது நடக்கிறான். சூடான குழாயைத் தொட்டுவிட்டு "வாம், வாம்" என்கிறான். டேனிஷில் சூடு. அந்தச் சொல்லை எங்கே பிடித்தான் என்று தெரியவில்லை. உங்களுக்கு விளங்காத மொழியில்தான் அவன் வளரப்போகிறான் என்பது சில நேரம் என்னைக் கலக்குகிறது. உங்கள் குரலை அவனுக்கு எப்படிக் காட்டுவது?

ஒன்று செய்கிறேன், ஐயா. திவசத்தன்று விடிய முன் எழும்பி, மோட்டாரை நிறுத்திவிட்டு, என் கையால் கரி போடுகிறேன். பிறகு குசினி வாசலில் நின்று, அவன் காதில் விழும்படி, நீங்கள் கூப்பிட்டதுபோலவே கூப்பிடுகிறேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும்.

அந்தக் குரலுக்கு இன்னும் எழும்புகிற
உங்கள் மகள்