கையைக் கட்டிக்கொண்டிருந்த மாதங்கள்

2025 பெப்ரவரி 18, செவ்வாய்

முதலாவது நேர்முகத்தேர்வு முடிந்தது. முதலாவது வேலையும் முடிந்தது, தொடங்காமலே.

யாழ்ப்பாணத்தில் ஒரு மறுவாழ்வு நிறுவனம். தீவுப் பகுதிக்கு ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளர் தேவை என்று போட்டிருந்தார்கள். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காமல் போனவர்களுக்கும் விபத்தில் அடிபட்டவர்களுக்கும் வீடுவீடாகப் போய், திரும்ப உடுக்க, உண்ண, சமைக்கப் பழக்க வேண்டும். நானும் தீவுப் பகுதிதான், நாரந்தனைக்காரி. எனக்கென்றே போட்ட விளம்பரம் என்று நினைத்துக்கொண்டு போனேன். கேள்விகளுக்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொன்னேன். பிறகு ஒரு ஐயாவைக் கூட்டி வந்து கதிரையில் இருத்தினார்கள். ஒரு கை வழங்காதவர், மற்றக் கையால் சட்டை போடப் பழகிக்கொண்டிருப்பவர்.

"இவரோடை பதினைஞ்சு நிமிசம் வேலை செய்யும், பாப்பம்" என்றார் மனோகரி மிஸ். அவர்தான் அங்கே மூத்த சிகிச்சையாளர்.

ஐயா இரண்டாவது பொத்தானில் தடுமாறினார். நான் பூட்டிவிட்டேன். மூன்றாவதையும் பூட்டிவிட்டேன். கொலரையும் நேராக்கிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் ஐயா கலியாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். மிஞ்சிய பத்து நிமிடமும் ஊர்க்கதை கதைத்தோம்.

"வினோஜா, நீர் நல்ல பிள்ளை" என்றார் மிஸ். "ஆனா நல்ல பிள்ளையா இருக்கிறதுக்கு இஞ்சை சம்பளம் குடுக்கிறேல்லை."

இந்தமுறை ஒருவரையும் எடுக்கவில்லையாம். மே மாதம் திரும்பக் கூப்பிடுவார்களாம். வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னார்: "அதுக்கிடையிலை கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் பழகும்."

பஸ் பண்ணைப் பாலம் தாண்டும்வரை அழவில்லை. தாண்டிய பிறகு அழுதேன்.

பெப்ரவரி 19

மிஸ் சொன்னதை அம்மாவுக்குச் சொன்னேன். "கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறதுக்கோ நாலு வரியம் படிச்சனி?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கச் சொன்னா.

கோபிகா ரெலிபோன் எடுத்தாள். என்னோடு படித்தவள், கொழும்பில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் இருக்கிறாள். அங்கே என் வேலைக்கு இடமில்லை, ஆனால் யூன் முதலாம் திகதி முதல் வரவேற்பில் இருக்க ஆள் தேவையாம். "மேயிலை சரிவராட்டி யோசிக்காமல் வா" என்றாள். மேயில் சரிவராவிட்டால் நான் படித்தது ரெலிபோன் எடுக்கத்தான்.

இன்னொன்றும் சொன்னாள். ஒவ்வொரு நாளும் ஒரு நன்றியாவது எழுத வேண்டுமாம், மனதுக்கு நல்லதாம். சரி. இன்றைய நன்றி: அப்பா ஒன்றும் கேட்காமல் கச்சான் கடலை வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 3, திங்கள்

வீட்டில் இருந்து பழக முடியாது, ஆள் வேண்டும். அடுத்த வளவு சறோஜினிதேவி மாமிக்குப் போன செப்டெம்பரில் பாரிசவாதம். நடக்கிறா, கதைக்கிறா. வலது கைதான் சரியாக வழங்காது. போய் நேரே கேட்டேன்.

"மாமி, உங்களிலை கொஞ்சம் பழகட்டோ?"

"பழுதாக்கமாட்டீர்தானே?" என்றார் அவவின் கணவர் பாலசிங்கம் மாமா.

"இனிப் பழுதாக என்ன கிடக்கு. வரட்டும் பிள்ளை" என்றா மாமி.

மாமா தேத்தண்ணி கொண்டு வந்தார். மாமிக்கு ஆற்றிப் பருக்கியும் விட்டார். தலை வாரி இழுத்துவிடுவதும் அவர்தான், சோறு தீத்திவிடுவதும் அவர்தான். மாமியின் இடது கை மடியில் சும்மா கிடந்தது. நல்ல பலமான கை, நான் பிடித்துப் பார்த்தேன்.

"இந்தக் கையாலை செய்யலாமே மாமி?"

"கழுவுற இடக்கையாலை ஆருக்கும் ஒண்டு குடுப்பினமே பிள்ளை? நான் குடுக்கமாட்டன்."

அவ்வளவுதான். கதை முடிந்தது. நாலு வருடப் படிப்பில் இதற்கு ஒரு பாடமும் இல்லை.

மார்ச் 12

உடுப்புக் கிளிப், கடலை, பழைய பொத்தான் எல்லாம் கொண்டுபோனேன். வலது கையால் எடுத்துக் கோப்பையில் போட வேண்டும். மாமி இரண்டு கிளிப் எடுத்தா. "இது நேசறிப் பிள்ளையளின்ரை விளையாட்டு" என்று தள்ளிவிட்டா.

நான் எத்தனை தரம் குறுக்கே கை நீட்டினேன் என்று எண்ணினேன். ஒன்பது தரம். ஒவ்வொரு முறையும் என் கை என்னைக் கேட்காமலே போகிறது. சின்ன வயதிலிருந்து, பெரியவர்கள் சிரமப்படும்போது பார்த்துக்கொண்டிருந்தால் அம்மாவிடம் குட்டு வாங்கி வளர்ந்த கை. கடைசியில் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் இருந்தேன்.

மாமாவை என்ன செய்வது? அவருக்குச் சும்மா இருக்க ஏலாது. "பாவம் பிள்ளை, அவவுக்கு நோகும்" என்று கடலையெல்லாம் அவரே பொறுக்கிப் போட்டுவிட்டார். அவரில் என்னைப் பார்த்தேன். மனோகரி மிஸ்ஸுக்கு எவ்வளவு எரிச்சல் வந்திருக்கும்.

மார்ச் 13

நன்றி எழுத ஒன்றும் இல்லை. சரி, மின்சாரம் நிற்கவில்லை.

மார்ச் 19

மாமி இன்று மனம் விட்டுக் கதைத்தா. அவவின் கவலை கடலையும் இல்லை, கிளிப்பும் இல்லை. வருசப்பிறப்பு. ஒவ்வொரு வருசமும் இந்த ஒழுங்கையில் குடியிருக்கிற பிள்ளைகள் முழுக்க அவவிடம்தான் கைவிசேஷத்துக்கு வருவார்கள். நானும் ஐந்து வயதிலிருந்து அந்த வரிசையில் நின்றவள்தான். வெற்றிலைக்குள் நாணயக் குற்றி வைத்து, வலது கையால், சிரித்துக்கொண்டு தருவா.

"இந்தமுறை கேற்றைப் பூட்டிப்போட்டுப் புளியங்கூடலுக்குத் தங்கச்சி வீட்டை போகப் போறன்" என்றா. "பிள்ளையள் வந்து பாத்திட்டுப் போகட்டும்." பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டா.

மார்ச் 21, வெள்ளி

இன்று ஒன்று கண்டேன். ஓடிவந்து எழுதுகிறேன்.

மாமா பிள்ளையார் கோயிலால் வந்து மாமியிடம் விபூதி நீட்டினார். மாமி யோசிக்கவே இல்லை. இடது கை மடியிலிருந்து எழும்பி, வலது கைக்குக் கீழே போய், அதை ஏந்திக்கொண்டு முன்னுக்கு வந்தது. வலது உள்ளங்கை மேலே, விரல்கள் கொஞ்சம் விரிந்தபடி. எல்லோரும் பிரசாதம் வாங்குகிற மாதிரித்தான். ஆறு மாதமாக ஒவ்வொரு வெள்ளியும் இதைச் செய்திருக்கிறா, நான் கடலை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மாமி, இப்ப வாங்கினது எந்தக் கை?"

"வலக்கை."

"அப்ப இதே மாதிரிக் குடுத்தால்?"

மாமி திரும்பவும் இடது கையை வலது கைக்குக் கீழே கொடுத்துப் பார்த்தா. "ரெண்டு கையாலையும் குடுக்கிறது மரியாதைதானே" என்று தனக்கே சொன்னா.

இன்றைய நன்றி பிள்ளையாருக்கு.

மார்ச் 27

வெற்றிலைக்குப் பதிலாக வேலிப் பூவரசம் இலை. அதற்குள் ஒரு குற்றி. ஏந்த வேண்டும், நீட்ட வேண்டும், சரித்து மற்றவர் கையில் விட வேண்டும். விழுகிறது. விழுந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மாமா பாய்ந்து பொறுக்குகிறார். கடைசியில் நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்: "மாமா, நீங்கள் கேற்றடியிலை நில்லுங்கோ." போனார். அங்கே நின்று எட்டி எட்டிப் பார்த்தார். என்னை மூன்று நாளைக்குப் பிடிக்காது அவருக்கு.

ஏப்ரல் 5

இருபதில் பதினொன்று விழவில்லை. விரல்கள் இலையை மெல்லப் பிடிக்கத் தொடங்கியிருக்கின்றன. மாமி இன்று என்னைப் பார்த்து, "நீர் ஏன் கைக்கு மேலை இருக்கிறனீர், குளிருதோ?" என்று கேட்டா.

ஏப்ரல் 14, திங்கள், வருசப்பிறப்பு

கேற் திறந்திருந்தது.

முதலாவதாக வந்த பிள்ளைக்கு நீட்டும்போது வெற்றிலை விழுந்தது. பக்கத்தில் நின்ற மாமா ஒரு கால் எடுத்து வைத்தார். நான் அவருடைய சால்வைத் தொங்கலை எட்டிப் பிடித்துக்கொண்டேன். புதுச் சால்வை, கசங்கியிருக்கும். மாமி ஒருவரையும் பார்க்கவில்லை. தட்டத்திலிருந்து இன்னொரு வெற்றிலையை எடுத்து வலது உள்ளங்கையில் வைத்து, கீழே இடது கையைக் கொடுத்து, நீட்டினா. பிள்ளை வாங்கிக் காலில் விழுந்து கும்பிட்டது.

அதன் பிறகு விழவில்லை. முழு வரிசைக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. இந்த ஒழுங்கைப் பிள்ளைகள் அவ்வளவு நேரம் சண்டை பிடிக்காமல் நின்றதை நான் கண்டதில்லை. கடைசியாக நான் போனேன். "உமக்கு வேலை கிடைக்கோணும்" என்று சொல்லித் தந்தா.

எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில்தான். இவ்வளவு சந்தோசமாக நான் ஒரு சோதனையும் பாஸ் பண்ணியதில்லை.

மே 15, வியாழன்

நேர்முகத்தேர்வு. கைவிசேஷக் குற்றி பையில் இருந்தது.

இந்தமுறை வந்தவர் நெடுந்தீவு இலட்சுமணன் அண்ணை, மாடு வளர்க்கிறவர். அவருக்கும் பாரிசவாதம், அவருக்கும் சட்டை. நான் கதிரையில் இருந்து, கைகளை எனக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

ஐந்து நிமிடம். ஏழு நிமிடம். "படிச்ச பிள்ளையெண்டினம், ஒரு கை தாவன் தங்கச்சி" என்று ஏசினார். கைகளின் மேல் இன்னும் பாரமாக இருந்தேன். ஏறுக்குமாறாகப் பூட்டிக்கொண்டு போகிறார் என்று எனக்குத் தெரிந்தது, வாயையும் மூடிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் அவரே கண்டுபிடித்தார். கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கழற்றினார்.

அப்போதுதான் வாய் திறந்தேன். "அண்ணை, கீழ்ப் பொத்தானிலை இருந்து தொடங்கிப் பாருங்கோ. அது கண்ணுக்குத் தெரியும்."

பதினைந்தாவது நிமிடத்தில் மேலே இரண்டு பொத்தான் மிச்சம். நேரம் முடிந்தது என்று மிஸ் கையைக் காட்டினார். அண்ணை அவரைக் கவனிக்கவே இல்லை, கடைசிப் பொத்தானும் பூட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"ஏன் நீர் ஒண்டும் செய்யேல்லை?" என்று மிஸ் கேட்டார்.

"அவர் செய்துகொண்டிருந்தவர், மிஸ்."

எதையோ எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிழை விட்டுவிட்டேனோ? நேரம் போதவில்லையே. கோபிகாவுக்கு என்ன சொல்வது?

மே 20

ஒரு செய்தியும் இல்லை. சோளகக் காற்று தொடங்கிவிட்டது, வீடு முழுக்கப் புழுதி.

மே 26, திங்கள்

வேலைக்கு எடுத்துவிட்டார்கள். மிஸ்தான் ரெலிபோனில் சொன்னார். யூன் இரண்டாம் திகதி வேலை. வேலணையிலிருந்து நெடுந்தீவுவரை எல்லாம் என் பகுதி. முதல் வீடு புங்குடுதீவு இறுப்பிட்டியில்.

அம்மா அழுதா, அழுதுகொண்டே வெங்காயம் உரிக்கச் சொன்னா. அப்பா கச்சான் வாங்கப் போய்விட்டார். கோபிகா தன் நன்றிக் கொப்பியில் என் பெயரை எழுதுகிறாளாம். என் நன்றிக்கு இந்தப் பக்கம் போதாது: ஏசின இலட்சுமணன் அண்ணைக்கு, முதல்முறை என்னை எடுக்காமல் விட்ட மிஸ்ஸுக்கு, எல்லாவற்றுக்கும் முதலில் மாமிக்கு.

யூன் 2, திங்கள்

முதல் நாள். இறுப்பிட்டியில் நடந்ததை நாளைக்கு எழுதலாம். காலையில் நடந்ததை எழுதாமல் படுக்க ஏலாது.

பஸ்ஸுக்கு வந்தால் பாலசிங்கம் மாமா கேற்றடியில் சும்மா நிற்கிறார். அந்த நேரம் அவர் குசினியில் மாமிக்குத் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருப்பார்.

"என்ன மாமா, வெளியிலை?"

"என்னைக் குசினிக்குள்ளை வரவேண்டாமெண்டிட்டா." கேற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இண்டைக்கு அவதான் எனக்குத் தேத்தண்ணி தந்தவ. ரெண்டு கையாலையும்."

"எப்பிடி இருந்தது?"

"சீனி போட மறந்திட்டா."

"சொன்னீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. குடிச்சிட்டன்."

கண் கலங்கியிருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். அதற்குள் பஸ் வந்தது. சாமான்கள் அடைத்த என் பெரிய பையைத் தூக்கிவிட மாமா கையை நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். நானே தூக்கிக்கொண்டு ஏறினேன்.