பலகையில் எழுதாத செய்தி

1960 ஏப்ரல் 1, வெள்ளி

இன்று முதல் நாங்கள் ஆந்திரா. நேற்று படுத்தபோது சென்னை ராஜ்யம். காலையில் எழுந்து பார்த்தால் அதே புளியமரம், கடை வாசலில் அதே பஞ்சரான சைக்கிள்கள். வீட்டுக்காரி யசோதா பால் வாங்கி வந்து, "ராஜ்யம் மாறியும் பாலு மாறல, அதே தண்ணி" என்றாள்.

வாசகசாலைப் பலகையில் செய்தியைப் பெரிய எழுத்தில் எழுதினேன். பதினோரு வருஷமாக எழுதுகிறேன். செயலாளர் என்று பெயர், சாக்பீஸ் பிடிக்கிற வேலை. என் சைக்கிள் கடைக்குப் பக்கத்துச் சுவர் என்பதால் என் தலையில் விழுந்தது. ஆனாலும் ஊரில் யார் எதைச் சொன்னாலும், "சம்பத்து பலகையில போட்டுகீறானா?" என்று கேட்ட பிறகுதான் நம்புகிறார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு, இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்.

அம்மை குத்துகிறவர் நேற்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். புது ஆள் எப்போது வருவாரோ தெரியாது. ஊசிக்குப் பயந்து பிள்ளைகளை ஒளித்து வைக்கும் பெண்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம்.

ஏப்ரல் 9

பலகையில் கோடைச் செய்திகள். பள்ளிக்கூடம் மூடும் நாள். மாட்டுச் சந்தை. ஏரி தூர் வார வீட்டுக்கு ஒரு ஆள். கெங்கையம்மன் ஜாத்திரை: ஏப்ரல் 26 செவ்வாய் காப்பு, மே 3 செவ்வாய் கூழ் வார்த்தல், மறுநாள் நாடகம். நாடகத்தை நடத்துவது நான். அதையும் எழுதினேன், கொஞ்சம் பெரிதாகவே.

கார்வேட்டிநகரத்தில் இருந்து தாட்சாயணியின் கார்டு. ஆறாம் மாதம் நடக்கிறது. "அத்த இந்த வருசம் ஜாத்திரைக்கு போவ வேணாம், ரெண்டு பஸ்ஸு மாறணும்னு சொல்றாங்க. நைனா இன்னா சொல்றீங்களோ அப்டியே செய்றேன்." கட்டிக் கொடுத்த பெண் ஜாத்திரைக்குப் பிறந்த வீடு வராமல் இருப்பதா? அதுவும் எனக்கு இருப்பது ஒரே பெண். உடனே கார்டு எழுதிப் போட்டேன். வா. பிரசவம் வரை இங்கேயே இரு. மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு கார்டு.

ஏப்ரல் 17

வெயில். எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 24, ஞாயிறு

தண்டோரா போடும் துலுக்காணம் கடைக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான். "கெழக்குத் தெருல கமலம்மா வூட்டுல ஆத்தா வந்துகீறா. பொண்ணு கொழந்திக்கு. மூணு நாளாச்சு, வாசல்ல தழ கட்டிட்டாங்க."

கமலம்மா தாட்சாயணியோடு ஒன்றாகப் படித்தவள். இங்கேயே வாழ்க்கைப்பட்டாள். குழந்தைக்கு ஒன்றரை வயது.

சாக்பீஸை எடுத்தேன். "கிழக்குத் தெருவில் அம்மை" என்று எழுதி முடிப்பதற்குள் ஜாத்திரைத் தலைவர் கிருஷ்ணப்பா வந்துவிட்டார்.

"யோவ், இன்னா எழுதிக்கினு கீற? நாளன்னிக்கு காப்பு. இத்த புது ஆபீசர் எவனாவது பாத்தா ஜாத்திரையே கூடாதுன்னுடுவான். ஆத்தாளுக்கு எடுக்கற ஜாத்திரைல ஆத்தா வந்தான்னு எழுதுவியா? தெருக்காரங்களுக்குத் தழயப் பாத்தா தெரியாதா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கினால் வெளியார் யாரும் படி ஏற மாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் தெரிந்த செய்தி அது, என் பலகை தேவையில்லை. அழித்துவிட்டேன். அந்த இடத்தில் நாடகத்தின் நேரத்தை எழுதினேன்.

ஏப்ரல் 26, செவ்வாய்

காப்புக் கட்டியாகிவிட்டது. இனிக் கூழ் வார்க்கும் வரை ஊர்க்காரர்கள் எல்லை தாண்டக்கூடாது.

வழக்கம்போல எல்லா வாசலிலும் வேப்பிலைத் தோரணம். நாலு தெருவும் பச்சை. கிழக்குத் தெரு வழியாகப் போனேன். கமலம்மா வீடு எது என்று புதிதாக வருகிறவனுக்குத் தெரியவே தெரியாது. நல்லதாகப் போயிற்று, ஜாத்திரைக்கு வருகிறவர்கள் மிரள மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 28, வியாழன்

தாட்சாயணி வந்தாள்! மாப்பிள்ளை கோவர்த்தனன் கொண்டுவந்து விட்டுவிட்டு மாலை பஸ்ஸிலேயே திரும்பினார், தறிவேலை இருக்கிறதாம். முகம் கொஞ்சம் வீங்கி, நடை மாறி, அவள் அம்மாவை அந்த வயதில் பார்த்த மாதிரியே இருக்கிறாள். வந்ததும் வராததுமாக என்னைப் பார்த்து, "இன்னா நைனா, எளச்சிப் பூட்ட? அம்மா சோறு போடறாங்களா இல்லியா?" யசோதா விளக்குமாற்றை எடுத்தாள், இவள் சிரித்தாள். வீடு வீடாக இருக்கிறது.

கிழக்குத் தெருப் பக்கம் போகாதே என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று யசோதா கேட்பாள். காரணம் தெரிந்தால் அடுத்த பஸ்ஸிலேயே பெண்ணை ஏற்றி அனுப்பிவிடுவாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 30, சனி

மத்தியானம் சாப்பிடும்போது தாட்சாயணி சொன்னாள்.

"நேத்து கமலா வூட்டுக்குப் போனேன் நைனா. முறுக்கு எட்துக்கினு ஆசையா போனா, வான்னு ஒரு வார்த்த சொல்லல. கெளம்பறப்ப போய்ட்டு வான்னும் சொல்லல. கொழந்த உள்ள இருட்டுல துணி போத்திக்கினு தூங்கிக்கினு இருந்திச்சு. நான்தான் பக்கத்துல குந்திக்கினு விசிறிக்கினு இருந்தேன். அவ மாமியா எதிர்லயே குந்தி இருந்திச்சு, அவ கம்முனு வாசலயே பாத்துக்கினு இருந்தா. எப்ப எழுந்து போவேன்னு நெனச்சாளோ இன்னாவோ. அவ கல்யாணத்துக்கு நான் வரலன்னு கோவம் போல."

அம்மை கண்ட வீட்டில் வா என்றும் சொல்ல மாட்டார்கள், போய் வா என்றும் சொல்ல மாட்டார்கள். சின்னப் பெண்ணுக்கு அது எப்படி ஞாபகம் வரும்? அவளை எச்சரிக்க வேண்டிய வேப்பிலையோ எல்லா வாசலிலும் தொங்குகிறது.

"வந்ததும் தலைக்குக் குளிச்சியா?" என்று கேட்டேன்.

"ஏன் நைனா?"

"வெயில்ல போய் வந்தியே, அதான்."

வேறு என்ன கேட்பேன்? யசோதா மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மே 1

புத்தூரில் அம்மை குத்துகிறார்களாம். இரண்டு மூன்று நாளுக்குள் குத்திக்கொண்டால் அம்மை வந்தாலும் உயிருக்கு மோசமில்லை என்று பத்திரிகையில் படித்திருக்கிறேன். ஆனால் காப்புக்குப் பின் எல்லை தாண்டுவதா? அதுவும் ஆத்தா ஊருக்குள் இருக்கும்போது ஊசி என்றால் ஊரே என்னைத் திட்டும். எல்லாவற்றுக்கும் மேல் யசோதாவிடம் காரணம் சொல்ல வேண்டும்.

செவ்வாய் முடியட்டும். புதனன்று அழைத்துப் போகிறேன்.

மே 3, செவ்வாய்

நல்ல கூட்டம். வரதய்யபாளையத்தில் இருந்தெல்லாம் வண்டி கட்டி வந்திருந்தார்கள். தாட்சாயணி தன் கையால் கூழ் வார்த்தாள். எத்தனை சொம்புகள், எத்தனை கைகள். நன்றாகத்தான் இருக்கிறாள்.

மே 4

நாடகம் அமோகம். கிருஷ்ணப்பா மேடையில் எனக்கு மாலை போட்டார். ஜாத்திரை முடிந்து திரும்புகிற கூட்டம், பஸ்ஸில் ஏற இடமில்லை. தாட்சாயணியும் அலுப்பாக இருக்கிறது என்றாள். புத்தூர் போகவில்லை.

ஒன்றும் ஆகாது.

மே 6

கமலம்மாவின் குழந்தை போய்விட்டது. அம்மைச் சாவுக்குப் பறையும் கிடையாது, ஒப்பாரியும் கிடையாது. பக்கத்து வீட்டுக்குத் தெரிவதற்குள் புதைத்துவிட்டார்கள். கிழக்குத் தெருவில் மேலும் மூன்று வீடுகளாம், மேற்கில் ஒன்று.

பலகையில் நான் எழுதியது: "ஜாத்திரை இனிதே நிறைவுற்றது. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி."

மே 11, புதன்

தாட்சாயணிக்குக் காய்ச்சல். இடுப்பு வலிக்கிறதாம். பிள்ளைத்தாய்ச்சிக்கு இடுப்பு வலிப்பது சகஜம் என்கிறாள் யசோதா. நான் நாளை எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு.

மே 14, சனி

முகத்தில் முத்து போட்டுவிட்டது.

யசோதா வாசலில் காய்ந்து தொங்கிய தோரணத்தை அறுத்தெறிந்துவிட்டுப் புதுத் தழை கட்டினாள். கட்டி முடித்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கமலா வூட்டுல ஆத்தா இருந்தது உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

தெரியும் என்றேன்.

அதோடு பேச்சு நின்றது.

மே 16

கோவர்த்தனன் ஓடி வந்தார். யாரும் வா என்று சொல்லவில்லை. சொல்லக்கூடாது. வாசலிலேயே நின்றார், பிறகு எதிர்வீட்டு மரத்தடியில் உட்கார்ந்தார். என் கார்டு சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்துக் காட்டி, "நீங்க கூப்ட்டதாலதான மாமா அனுப்சேன்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

மே 17

பலகை எழுதவில்லை.

மே 19, வியாழன்

கண் திறக்க முடியவில்லை அவளுக்கு. வாழையிலை மேல் படுக்கவைத்திருக்கிறோம். யசோதா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் நான் பக்கத்தில் இருந்தேன். யார் என்று தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நைனா, கமலாக்கு எம்மேல கோவம் இல்ல. மாமியா எதிர்ல வாயத் தொறக்க முடியல, அதான் கண்ணால வாசல்ல கட்ன தழயக் காட்டிக்கினே இருந்தா. எனக்குத்தான் புரியல. ஜாத்திரத் தழன்னு நெனச்சிட்டேன்."

உனக்குப் புரியாமல் செய்தவன் நான், அம்மா. அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். கமலாவாவது வாயைத் திறக்க முடியாமல் கண்ணால் சொன்னாள். வாயும் கையும் ஒரு பலகையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன்? ஜாத்திரைக்காக என்று எழுதினால் அது பொய். ஆபீசருக்குப் பயந்து என்றாலும் பொய். அவள் வர வேண்டும் என்று இருந்தது எனக்கு. என் நாடகத்தை என் பொண்ணு முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். அதுக்காகத்தான்யா.

மே 23, திங்கள்

காலை ஏழு மணிக்குத் தாட்சாயணி போய்விட்டாள். வயிற்றில் இருந்ததும் அவளோடு.

மே 27

வயிற்றுச் சுமையோடு போனவளுக்குச் சுமைதாங்கிக் கல் நட வேண்டும். புத்தூர் ரோட்டில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நடச் சொல்லிவிட்டுக் கோவர்த்தனன் ஊருக்குப் போய்விட்டார். அவள் வந்து இறங்கிய இடம் அது. எனக்குத் துலுக்காணம் மூலம்தான் சேதி.

யசோதா சோறு வைக்கிறாள். பேசுவதில்லை.

ஜூன் 3, வெள்ளி

புது ஆள் வந்துவிட்டார், அம்மை குத்துகிறவர். சின்ன வயசு, தெலுங்குதான் பேசுகிறார். நாளை காலை பத்து மணிக்கு வாசகசாலையில் குத்தப்படும் என்று எழுதச் சொன்னார். கிருஷ்ணப்பாவும் கூடவே வந்தார். "அத்த மட்டும் எழுது சம்பத்து. போனதெல்லாம் எதுக்கு? பேர் போட்டா எந்த ஊர்க்காரன் நமக்குப் பொண்ணு குடுப்பான்?"

அவர் நிற்கும்போதே பலகை முழுவதையும் ஈரத்துணியால் துடைத்தேன். நன்றி, நிறைவுற்றது எல்லாம் போயிற்று. காயும் வரை காத்திருந்து எழுதத் தொடங்கினேன். முதல் வரியில் அம்மை குத்தும் நேரம். அதற்குக் கீழே, நம் ஊரில் அம்மையில் இறந்தவர்கள். கமலம்மாவின் குழந்தையில் ஆரம்பித்து, தெரு, பெயர், வயது. கிருஷ்ணப்பா இரண்டு தரம் என் கையைப் பிடித்தார். மூன்றாம் தரம் பிடிக்கவில்லை, போய்விட்டார். ஆட்கள் கூடினார்கள். மொத்தம் பதினோரு பேர். ஒன்பதாவதாக "தாட்சாயணி, வயது 20" என்று எழுதினேன்.

முடித்துத் திரும்பினால் யசோதா குடத்தோடு நிற்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வரி என்று தெரிந்திருக்கிறது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா எழுதிகீறீங்க?"

இருபது நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. படித்துக் காட்டினேன்.

"பத்தொம்போது" என்றாள். "ஆடி பொறந்தாதான் இருபது. பலகைல சரியா எழுதுங்க."

விரலால் அழித்துவிட்டுத் திருத்தி எழுதினேன்.