திருஇருதயப் படத்துக்குப் பின்னால்

ஏனுங்க, இன்று மதியம் திருஇருதயப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். பின்னாலிருந்து மருந்துப் பிளாஸ்திரி வாசனை வந்தது. பதினோரு வருஷமாகியும் போகவில்லை. உங்கள் கைவேலைதான் என்று தொடாமலே தெரிந்துவிட்டது.

நாலு நாளாக உங்கள் அம்மா அறையில் மூன்று பிளக் பாயிண்டும் வேலை செய்யவில்லை. அத்தைக்கு மூச்சு மிஷின் நிற்கக் கூடாதே. சமையலறையிலிருந்து ஒயர் இழுத்து ஓட்டினேன். பழைய பிளக், தொட்டால் நழுவுகிறது. குளிக்கப் போகக்கூடப் பயம். நீங்கள் போன பிறகு ஒண்டிக்கடை முக்கைத் தாண்டி நான் எங்கே போயிருக்கிறேன்? இந்த நாலு நாளாக அதுவும் இல்லை.

உங்கள் தங்கை சேலத்திலிருந்து போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள கரண்ட் சரியாகலைன்னா அம்மாவ நான் கூட்டிட்டுப் போயிடறேனுங்க அண்ணி." சரி என்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நொம்பச் சந்தோஷம். என் அக்கா வீட்டில் ஒரு வாரம் தூங்கியே கழிப்பதாக மனசுக்குள் பையைக் கட்டிவிட்டேன்.

எலக்ட்ரீசியன் மழை விட்டால்தான் வருவாராம். போனிலேயே விவரம் கேட்டார். டெஸ்டர் எரிகிறது, மிஷின்தான் ஓடவில்லை என்றேன். "அப்ப நியூட்ரல் கம்பி எங்கியோ உட்டுப்போச்சுங்க. அதே லைன்ல எது எரியுதுன்னு பாருங்க, அதுக்குப் பக்கத்துலதான் இருக்கும்" என்றார். அந்த லைனின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். அணைந்தது, படத்துக்கு முன்னால் எப்போதும் எரியும் சிவப்பு பல்பு ஒன்றுதான். அது எரிந்துகொண்டே இருந்ததால் யாருக்கும் அங்கே சந்தேகம் வரவில்லை.

அந்த பல்பை நீங்கள் மாட்டிய நாளும் மழைதான். நமக்குக் கல்யாணமான புதுசு. டேப் வாங்கக் கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரியை எடுத்துச் சுற்றினீர்கள். "இப்போதைக்கு இருக்கட்டும்" என்றீர்கள். கீழேயிருந்து என்னை இந்த மலைக்குக் கூட்டி வந்தபோதும் அதையேதான் சொன்னீர்கள். இப்போதைக்கு அம்மா கூட இருக்கலாம் என்று.

பிளாஸ்திரியைப் பிரித்தால் ஒயர் முறுக்கு கறுத்துப்போய் ஒரு கம்பி விலகி நின்றது. அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன். படத்தைத் திரும்ப மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஞாயிறுக்கு இரண்டே நாள். உங்கள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. உங்களுக்கென்ன, போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

அத்தை படுக்கையிலிருந்து கேட்டார், "வெளக்கு அணைஞ்சிருச்சா கண்ணு?"

மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, "நீ அங்கதான இருக்கற?" என்றார். அந்தக் குரலில் இருந்த பயம் எனக்குத் தெரிந்த பயம். நீங்கள் போன அன்று என் குரலும் அப்படித்தான் இருந்தது.

"இங்கதானுங்க அத்தை இருக்கறேன்."

கம்பியைச் சுரண்டி இறுக்கி முறுக்கினேன். வீட்டில் டேப் இல்லை. மருந்துப் பெட்டியைத் திறந்தேன். ஃபியூஸ் கட்டையைச் செருகியதும் பல்பு எரிந்தது. மிஷினை அத்தை அறை பிளக்கிலேயே மாட்டினேன், ஓடியது. உங்கள் தங்கைக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"எல்லாஞ் சரியாயிருச்சா கண்ணு?" என்று அத்தை கேட்டார்.

"இப்போதைக்குங்க அத்தை" என்றேன்.