காயாத இரண்டு கைகள்

என் வாலுக்கு,

நாங்கள் நலம். உன் அப்பாவின் முட்டி மட்டும் நலமில்லை, என் நாக்கு முன்னைவிட நலம். நீ உட்கார்ந்து சாப்பிடுகிறாயா, இல்லை ரொட்டியைக் கடித்துக்கொண்டே ஓடுகிறாயா?

ஒரு கூத்தைக் கேள். கூடத்துச் சுவர் மொட்டையாக இருக்கிறதே என்று, உன்னையும் தம்பியையும் சின்ன வயதுக் கோலத்தில் எண்ணெய் வண்ணத்தில் வரைய ஒரு தாடிக்கார ஓவியரைப் பிடித்தேன், நான்தான் மகா புத்திசாலி ஆயிற்றே, உன் ஐந்து வயதுப் படம் ஒன்று, அவனுடைய ஐந்து வயதுப் படம் ஒன்று என்று நீட்டிவிட்டேன், மனிதர் இரண்டு பேரையும் ஒரே உயரத்தில் நிறுத்திவிட்டார், வருகிறவர்களெல்லாம் இரட்டையா என்று கேட்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரி என் வயிற்றையே சந்தேகமாகப் பார்க்கிறாள். கைகோத்து நிற்கிற மாதிரி வரையச் சொன்னதும் நான்தான். அவன் கல்யாணத்துக்கு நீ வராமல் போனதிலிருந்து ஒருவர் பேரை ஒருவர் எடுப்பதில்லை, சுவரிலாவது ஒட்டிக்கொண்டு இருக்கட்டுமே என்ற நப்பாசை.

முகம் காய்ந்தது, உன் ஊதா கவுன் காய்ந்தது, அந்தக் கைகளும் அவற்றைச் சுற்றியிருந்த ஊதாவும் மட்டும் காயவே இல்லை. தொடாதே என்றால் தொடுகிற ஜென்மம் நான், தொட்டுப் பார்த்துப் புது நைட்டியில் துடைத்துக்கொண்டேன். உன் அப்பா மின்விசிறியைப் படத்துக்குக் கொடுத்துவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் விரல்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தது. உன் கண்ணாடியை மாத்துடி என்றார் அப்பா, பிறகு தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், உடனே ஓவியருக்குப் போன் போட்டார். ஓவியர் வந்து சேர்த்து வரைந்தார், மறுபடி விலகியது. நான் சேத்துதாம்மா வரைஞ்சேன், இதுங்கதான் பிரியுது என்று தூரிகையைக்கூட எடுக்காமல் போனவர், போனே எடுப்பதில்லை.

நேற்றுக் காலையில் பார்த்தால் கை சேர்ந்திருக்கிறது. அவர் வரைந்த மாதிரி நாசூக்காக இல்லை, விழப்போகிறவளை இழுத்துப் பிடிக்கிற மாதிரி, ஊதாவெல்லாம் தாறுமாறாக அப்பிக்கொண்டு. மத்தியானம் தம்பி சாப்பிட வந்தான், வழக்கம்போலப் பின்வாசல் வழியாக நேரே சமையலறை, படத்தின் பக்கமே போகவில்லை. கை கழுவும்போது பார்க்கிறேன், வலது கை விரலெல்லாம் ஊதா. என்னடா இது என்றால், தெரியலம்மா, எழுந்திருக்கும்போதே இருந்துச்சு, சோப்புக்கும் போகமாட்டேங்குது என்கிறான். முகர்ந்தேன், அதே எண்ணெய் வாசனை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, தலை நிமிராமலே, அக்காவுக்கு ஒண்ணுமில்லையே என்றான். என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

சாயங்காலம் நீ போனில், முந்தின ராத்திரி படியில கால் வழுக்கிடுச்சும்மா, எப்படியோ விழலை என்று சிரித்தாய். எதைப் பிடிச்சே என்று கேட்க என் நாக்கு எழவில்லை, என் நாக்குக்கே அந்தக் கதி. அதனால்தான் எழுதுகிறேன்.

படத்தில் அவன் பிடித்திருப்பது உன் இடது கையை. அதைப் பார். ஊதா இருந்தால் பயப்படாதே, துடைக்கவும் துடைக்காதே, முதலில் தம்பிக்குப் போன் செய். இல்லையென்றாலும் செய்.

நீ நூறு வயது நன்றாக இரு. படியில் விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கு.

இப்போது படத்தைத் தொடாமல் தள்ளியே நிற்கும்,
உன் அம்மா