அப்பா மருந்தடித்த கீரை

அன்பு மகன் அருள்பாண்டிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்த ஊர் வெயிலில் சுகமாக இருக்கக் குலசாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் மஸ்கட்டுக்குத் திரும்பும் பாண்டியராஜிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போட்டதைச் சொன்னேன் அல்லவா. நம் செம்மண்ணில் தண்ணீர் நிற்காது என்று ஆட்டுப்புழுக்கை கொட்டிக் கொத்திவிட்டு, ஆடிக் காற்று சாய்த்துவிடும் என்று மேற்குப் பக்கம் வரிசையாக அகத்தி வைத்து, அரைக்கீரை, கத்தரி, பந்தலில் அவரை என்று போட்டேன், பாத்திரம் கழுவிய தண்ணீரிலேயே நன்றாக வந்தது. கை நடுக்கத்தால் ஏலக்காய்த் தோட்ட வேலையை விட்டு மலையிறங்கியதில் இருந்து அப்பாவுக்கும் அதுதான் பொழுது, முகம் கழுவுமுன் செடியிடம் போய்விடுவார். அவரையில் அசுவினிப் பூச்சி பிடித்தது, அதுதான் வினையாகிவிட்டது. சாம்பல் தூவுவோம் என்றேன், கேட்கவில்லை. மலையில் ஏலத்துக்கு அடிக்கிற மருந்து ஒரு பாட்டில் வைத்திருந்தார், அதைக் கைப்பம்பில் கலந்து கீரை முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் அடித்துவிட்டார். இலையில் பூச்சி என்றால் அந்த மனுசனுக்கு வேறு வழி தெரியாது.

சண்டை போட எனக்குத் தெம்பில்லை அப்பு. தினமும் கீரையைப் பறித்துக் குழியில் போட்டு மூடிவிட்டு, கடைக்கீரையைக் கடைந்து வைத்தேன். நம்ம கீரையின் ருசியே தனி என்று இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார், எனக்குச் சிரிக்கவா அழவா என்று இருக்கும். போன செவ்வாய்க்கிழமை நான் ரேசன் கடைக்குப் போன நேரம் பார்த்து, எதிர்வீட்டு சுகன்யாவுக்கு ஒரு கட்டுப் பறித்துக் கொடுத்திருக்கிறார். அவளுக்கு இது ஏழாம் மாதம். கேட்டதும் ஓடினேன், நல்லவேளை, ஆய்ந்துகொண்டுதான் இருந்தாள். வாங்கிவந்து அப்பா கண்ணெதிரே குழியில் போட்டேன், வாய் சும்மா இருந்ததா, இத்தனை நாள் அவர் சாப்பிட்டது கடைக்கீரை என்பதையும் கொட்டிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போது கிடந்து தவிக்கிறேன்.

அன்றிலிருந்து அவர் தோட்டத்துப் பக்கம் போகவில்லை, பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறார். மருந்துப் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டார், அதை எங்கே கொட்டுவது என்றும் எனக்குத் தெரியவில்லை. நேற்று சாப்பிடும்போது தலை நிமிராமலே கேட்டார்: "ஏ ராமுத்தாயி, முப்பது வருசமா மலையில நான் அடிச்சதெல்லாம் யாரு வயித்துக்குப் போயிருக்கும்?" நான் ரசத்தை ஊற்றினேன்.

வேளைக்குச் சாப்பிடு, தலையில் துணி கட்டாமல் வேலைக்குப் போகாதே, நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் போடு. உன்னிடமும் அதையேதான் கேட்பார். நீ படித்தவன், ஏதாவது சொல்லு ராசா, பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ராமுத்தாய்